தனிக்குடித்தனம் போன டூ-டூ லிஸ்ட்

ஒரே ஒரு வரி எழுதத்தான் போனேன். "வெள்ளிக்குள் காப்பீட்டுப் படிவம் அனுப்பணும்." அவ்வளவுதான். என் டூ-டூ லிஸ்ட் இருப்பது பிரவுசரில், ஒரு டேப்பில். எந்த டேப் என்பதுதான் பிரச்சினை. அன்றைக்குத் திறந்து கிடந்தவை நாற்பதுக்கும் மேல், எல்லாம் ஐகான் மட்டும் தெரிகிற அளவுக்கு நசுங்கிப் போய். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே போகிறேன், நடுவில் மெயில் டேப் அடைப்புக்குறிக்குள் 3 என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. மூணுதானே, பார்த்துட்டுப் போயிடலாம். முதல் மெயிலில் ஒரு லிங்க், லிங்க்கைத் தட்டினால் ஒரு கட்டுரை, கட்டுரைக்குக் கீழே ஒரு வீடியோ. இருபத்தைந்து நிமிடம் கழித்து, ஏதோ ஒரு கீபோர்டின் சுவிட்சைக் கழற்றி எண்ணெய் போடுவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அந்தக் கீபோர்டே கிடையாது. படிவம் ஞாபகத்துக்கு வந்தது சனிக்கிழமை.

இதற்கு மன உறுதி இல்லை என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடலாம், எழுதியவர்களும் உண்டு. ஆனால் எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. மறக்காமல் இருப்பதற்காக வைத்திருக்கிற பொருளை, உலகத்திலேயே அதிகமாக மறக்கடிக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அதை எடுக்கப் போகிற வழியிலேயே எதற்கு வந்தோம் என்பது போய்விடுகிறது. லிஸ்ட் நல்ல லிஸ்ட்தான். இருக்கிற இடம்தான் சரியில்லை.

அப்படியானால் ஒழுங்காக ஒரு டெஸ்க்டாப் ஆப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நான் வேலைக்கு ஒரு விண்டோஸ் கணினியும், சொந்தத்துக்கு ஒரு லினக்ஸ் லேப்டாப்பும் வைத்திருக்கிறேன். நான் பயன்படுத்துகிற சேவைக்கு விண்டோஸில் ஆப் உண்டு, லினக்ஸில் கிடையாது. வெப் பதிப்பு மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி ஓடுகிறது. அந்த விண்டோஸ் ஆப்பையும் ஒருமுறை இறக்கிப் பார்த்தேன். அதே வெப்சைட்தான், அதே பட்டன்கள், அதே எழுத்துரு, உள்ளே ஒரு முழு பிரவுசரைச் சுமந்துகொண்டு வந்திருந்தது. எலக்ட்ரான் என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013-ல் கிட்ஹப் ஆட்கள் ஆட்டம் என்ற, நிரல் எழுதும் தங்கள் எடிட்டருக்காக ஆட்டம் ஷெல் என்ற பெயரில் செய்தது, 2015-ல் எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. வெப் பக்கத்தை டெஸ்க்டாப் ஆப்பாக மாற்ற சுலபமான வழி, அதனால் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரான் ஆப்பும் தனக்கென்று ஒரு குரோமியத்தை, அதாவது குரோமின் அடிப்படையான பிரவுசரை, மூட்டை கட்டிக்கொண்டு வரும். ஒரு ஜன்னலும் ஒரு பட்டனும் மட்டும் உள்ள ஆப்கூட டிஸ்க்கில் 100 எம்பியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ஏற்கெனவே ஒரு பிரவுசர் மூச்சுத் திணறிக்கொண்டு ஓடும்போது, பால் பாக்கெட் வாங்கணும் என்று எழுதி வைக்க இன்னொரு பிரவுசர் எதற்கு?

எனக்கு வேண்டியது சின்ன விஷயம். அதே தளம், ஏற்கெனவே இருக்கிற அதே பிரவுசர், ஆனால் தனி ஜன்னல், தனி ஐகான், மேலே முகவரிப் பட்டை கிடையாது, பக்கத்தில் வேறு டேப் கிடையாது.

இந்த ஆசை புதிதொன்றும் இல்லை. வெப்பில் டூ-டூ லிஸ்ட் என்பது 2005 வாக்கில் சூடுபிடித்தது, ரிமெம்பர் த மில்க் அந்த வருடத்துப் பிள்ளை. டூடூயிஸ்ட் 2007. அந்த 2007-லேயே பயர்ஃபாக்ஸ்காரர்களான மொசில்லா பிரிசம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஒரு தளத்துக்கு ஒரு ஜன்னல், அதுதான் அதன் முழு வேலை. மேக் காரர்களுக்கு ஃப்ளூயிட் வந்ததும் அதே வருடம். கூகுள் கியர்ஸும் அதே வருடம்தான். இணையம் இல்லாதபோதும் வெப் பக்கம் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக வந்தது, அதை முதலில் எடுத்துக்கொண்ட வெளித் தளங்களில் ரிமெம்பர் த மில்க்கும் ஒன்று. 2008 செப்டம்பரில் குரோம் முதன்முதலாக வந்தபோதே அதன் மெனுவில் ஒரு தளத்தை டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட்டாக வைத்துத் தனி ஜன்னலில் திறக்கும் வசதி இருந்தது. பிரிசமும் கியர்ஸும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. யோசனை மட்டும் பெயர் மாற்றி மாற்றி உயிரோடு இருக்கிறது. இப்போது அதற்கு பிடபிள்யூஏ, முற்போக்கு வெப் ஆப், அது இது என்று பெயர்கள். அந்தப் பெயரே 2015-ல்தான் வந்தது.

சரி, எப்படிச் செய்வது.

குரோமில் உங்கள் லிஸ்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டுங்கள். இப்போதைய பதிப்புகளில் "காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்" என்பதற்குள்ளே "இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப்" என்று இருக்கும். பழைய பதிப்பில் "மோர் டூல்ஸ்" உள்ளே "கிரியேட் ஷார்ட்கட்" என்று போய், "ஓப்பன் ஆஸ் விண்டோ" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த மெனுவை எங்காவது தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அதனால் நான் சொன்ன இடத்தில் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் தேடுங்கள். எட்ஜில் மெனுவுக்குள் "ஆப்ஸ்" என்று ஒரு பகுதியே உண்டு. மேக்கில் சஃபாரி வைத்திருப்பவர்கள் 2023-ல் வந்த சொனோமா முதல் "ஃபைல்" மெனுவில் "ஆட் டு டாக்" என்பதைத் தட்டினால் போதும். லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் சொந்த பிரவுசருக்கு இந்த வசதி நெடுநாளாக உண்டு, லினக்ஸ் மின்ட்டில் இதற்கென்றே வெப் ஆப்ஸ் என்று ஒரு குட்டிக் கருவி வருகிறது. பயர்ஃபாக்ஸ் கதைதான் கொஞ்சம் சோகம். சோதனையாக வைத்திருந்த வசதியை 2021 ஜனவரியில் 85-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள், பயர்ஃபாக்ஸ் விசுவாசிகள் வருடக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தோம். 2025 செப்டம்பரில் 143-ஆம் பதிப்பில், விண்டோஸில் மட்டும், டாஸ்க்பாரில் தளத்தைப் பொருத்தி வைக்கும் வழி ஒன்று திரும்பி வந்தது. நான் லிஸ்ட்டுக்காகக் குரோம் பக்கம் போய்விட்டேன், இப்போது மற்ற எல்லாவற்றுக்கும் பயர்ஃபாக்ஸ்தான். இதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, ஏன் என்று பின்னால் வருகிறேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. சில தளங்கள் மேனிஃபெஸ்ட் என்று ஒரு சின்னக் கோப்பை வைத்திருக்கும். ஆப்பின் பெயர் என்ன, ஐகான் எது (192 பிக்சலில் ஒன்று, 512 பிக்சலில் ஒன்று), தனி ஜன்னலில் திறக்கலாமா, திறந்தால் முதலில் எந்தப் பக்கம் வரவேண்டும், எல்லாம் அதில் எழுதியிருக்கும். முகவரிப் பட்டையின் ஓரத்தில் திரையும் அம்புக்குறியுமாக ஒரு குட்டி ஐகான் தெரிந்தால் அந்தத் தளத்துக்கு மேனிஃபெஸ்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் பக்கம் எது என்பதைத் தளக்காரர் தீர்மானித்துவிடுகிறார். என் சேவை ஒவ்வொரு முறையும் "இன்பாக்ஸ்" பக்கத்தில்தான் போய் நின்றது, எப்போதோ எறிந்து வைத்த நூற்றுச் சொச்சம் வேலைகள் காலை ஏழு மணிக்கு முகத்துக்கு நேராக. எனக்கு வேண்டியது "இன்று" பக்கம், அதில் ஆறோ ஏழோதான் இருக்கும்.

இதற்கு வழி பழைய வழிதான். குரோமைக் கட்டளையாக ஓடவிடும்போது, ஆப் என்ற தெரிவுக்கு முன்னால் இரண்டு கோடு போட்டு, சமக்குறி போட்டு, எந்தப் பக்கம் வேண்டுமோ அதன் முழு முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கம் மட்டும் முகவரிப் பட்டை இல்லாத ஜன்னலில் திறக்கும். விண்டோஸில் ஒரு ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் போய் டார்கெட் வரியின் கடைசியில் இதைச் சேர்த்தால் வேலை முடிந்தது. லினக்ஸில் .டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு கோப்பு எழுத வேண்டும், பெயர் ஒரு வரி, கட்டளை ஒரு வரி, ஐகான் ஒரு வரி. ஐந்து நிமிட வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

அந்த ஐந்து நிமிடம் ஒரு சாயங்காலத்தைத் தின்றது. ஆப் திறந்தது, ஜன்னல் அழகாக வந்தது, ஆனால் கீழே பட்டையில் என் ஐகான் அப்படியே சும்மா கிடக்க, ஜன்னல் மட்டும் குரோம் ஐகானுக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. ஆல்ட் டேப் அடித்தாலும் குரோம் என்றே காட்டியது. ஆக, தனி ஆப் என்று நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், டெஸ்க்டாப்புக்கு அது தெரியவே இல்லை. விஷயம் இதுதான்: ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே தெரியாமல் ஒரு வகைப்பெயர் இருக்கிறது, டெஸ்க்டாப் அதைப் பார்த்துத்தான் எந்த ஜன்னல் எந்த ஐகானின் பிள்ளை என்று முடிவு செய்கிறது. நான் எழுதிய கோப்பில் அந்தப் பெயர் இல்லை. டெர்மினலில் எக்ஸ்ப்ராப் என்று தட்டினால் கர்சர் கூட்டல் குறியாக மாறும், அதைக் கொண்டுபோய் அந்த ஜன்னல்மேல் ஒரு தட்டு தட்டினால் வகைப்பெயர் வந்து விழும், தள முகவரியையும் கீழ்க்கோட்டையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி நீளமாக ஒரு சரம். அதை அப்படியே எடுத்து, கோப்பில் ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் கிளாஸ் என்ற வரியில் ஒட்டினேன், முதல் தடவை கடைசி எழுத்தை விட்டுவிட்டு ஒட்டினேன், அதனால் இன்னும் முக்கால் மணி நேரம். ஒருவழியாக நீல நிற டிக் ஐகானுக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி விழுந்தது, ஆப் திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக. எழுந்து நின்று கை தட்டாத குறை. அன்றைக்கு லிஸ்ட்டில் இருந்த ஏழு வேலையில் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்பது ராத்திரி படுக்கும்போதுதான் தெரிந்தது.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைத்தது? நான் எதிர்பார்த்தது வேகம். ஆனால் முதலில் கண்ணில் பட்டது, முகவரிப் பட்டை இல்லாததன் அமைதி. பிரவுசர் ஜன்னலில் மேலே ஒரு வெள்ளைப் பட்டை எப்போதும் காத்துக்கொண்டிருக்கிறது. கை சும்மா இருக்கும்போது அதுவாகப் போய் இரண்டு எழுத்து தட்டும், மீதியை பிரவுசரே நிரப்பி, எங்கே போகக்கூடாதோ அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். முதல் வாரம் ஆப் ஜன்னலிலும் என் விரல் பழக்கத்தில், முகவரிப் பட்டைக்குத் தாவுகிற கன்ட்ரோல் எல் அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. போக இடமில்லை. லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று, சரி வந்ததுக்கு ஒரு வேலையாவது பார்ப்போம் என்று ஆயிற்று.

இரண்டாவது, விண்டோஸில் டாஸ்க்பாரில் முதல் இடத்தில் அதைப் பொருத்தி வைத்தேன். விண்டோஸ் பட்டனும் 1-உம் சேர்த்து அழுத்தினால் முதல் இடத்தில் இருக்கும் ஆப் திறக்கும், ஏற்கெனவே திறந்திருந்தால் முன்னால் வரும், மறுபடி அழுத்தினால் கீழே போய்விடும். இது விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிற வசதி, இத்தனை வருடம் எனக்குப் பயன்பட்டதே இல்லை, ஏனென்றால் முதல் இடத்தில் இருந்ததே பிரவுசர்தான். இப்போது ஃபோனில் யாராவது பேசும்போது ஒரு கை போதும். அழுத்து, ஒரு வரி எழுது, மறுபடி அழுத்து, போச்சு. நடுவில் மெயில் டேப் கிடையாது.

ஜன்னலை ஒடுக்கமாக, ஒரு ஃபோன் அகலத்துக்கு இழுத்துத் திரையின் வலது ஓரத்தில் நிறுத்தியிருக்கிறேன். அந்த அகலத்துக்கு வந்ததும் தளம் தன்னை மொபைல் என்று நினைத்துக்கொண்டு பக்கவாட்டு மெனு, காலண்டர், அலங்காரம் எல்லாவற்றையும் ஒளித்துக்கொள்கிறது. வெறும் வரிகள் மட்டும். அவர்கள் காசு கொடுத்து வடிவமைத்த டெஸ்க்டாப் முகத்தை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

குறைகளும் உண்டு. கன்ட்ரோல் டபிள்யூ அடித்தால் டேப் மூடுவதற்குப் பதில் ஆப்பே மூடிக்கொள்ளும், பழக்கதோஷத்தில் நாளைக்கு இரண்டு முறையாவது மூடிவிடுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று ஆப்பில் 90 சதவீதத்துக்குக் குறைத்தால், அதே தளத்தை எப்போதாவது சாதாரண டேப்பில் திறக்கும்போது அங்கேயும் 90 தான். இந்த இரண்டாவது விஷயத்தை அப்போதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ஜூம் அளவைக்கூடப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால் வேறு என்னவெல்லாம் பகிர்ந்துகொள்கிறார்கள்?

எல்லாவற்றையும்.

நடந்தது இது. ஒரு நீண்ட பயணம், ஆறு மணி நேரம், இணையம் கிடையாது. லேப்டாப்பைத் திறந்தேன், ஐகானைத் தட்டினேன், லிஸ்ட் வந்தது. இணையமே இல்லாமல் வந்தது! இதற்குப் பின்னால் சர்வீஸ் வொர்க்கர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, தளத்தின் ஒரு சின்ன நிரல் பிரவுசருக்குள்ளேயே தங்கிக்கொண்டு, பக்கத்தின் அடிப்படைச் சட்டகத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும், இணையம் இல்லையென்றால் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். நாம் எழுதுகிற வரிகள் பிரவுசருக்குள் இருக்கும் ஒரு சேமிப்பகத்தில் உட்கார்ந்து, இணையம் கிடைத்ததும் சர்வருக்குப் போகும். ஜன்னலோர இருக்கை, வேறு தொந்தரவு இல்லை, பதினோரு வேலைகள் எழுதினேன். நல்ல வேலைகள். சில்லறை வேலை இல்லை, பல மாதமாக மனதுக்குள் முட்டிக்கொண்டிருந்தவை, எப்படித் தொடங்குவது என்பதோடு சேர்த்து. எழுதி முடித்து மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் குரோமில் திறந்த ஒரு பணம் கட்டும் தளம் என்னை உள்ளே விடாமல் சுற்றிச் சுற்றி லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது. இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் சொல்கிற கைவைத்தியம் ஒன்று உண்டே, பிரவுசர் டேட்டாவைக் கிளியர் பண்ணு. பண்ணினேன். குக்கி, தளங்களின் டேட்டா, எல்லாக் காலத்துக்கும், டிக், டிக், சரி. அந்தத் தளம் திறந்தது, பணம் கட்டினேன். அப்புறம் சாவகாசமாக டூ-டூ ஆப்பைத் திறந்தால், அது என்னை யாரென்றே தெரியாதவன் மாதிரி லாகின் கேட்கிறது. உள்ளே போனேன். பழையதெல்லாம் இருந்தது. அந்தப் பதினொன்று மட்டும் இல்லை. இடையில் இணையத்தோடு அந்த ஆப்பை நான் திறக்கவே இல்லை, திறந்தால்தான் அது அனுப்பும்.

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவனிடம் புலம்பினேன். வெப் வேலைதான் பார்க்கிறான்.

"நான் அழிச்சது பிரவுசரோட குக்கியத்தானேடா, ஆப்புல இருந்தது ஏன் போகணும்?"

"அது ஆப் இல்லண்ணா. பிரவுசர்தான் வேற சட்டை போட்டுக்கிட்டு நிக்குது."

"தனி ஐகான் இருக்கே."

"ஐகான் தனி, ஜன்னல் தனி. உலை ஒண்ணுதாண்ணா."

தனிக்குடித்தனம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது மாடி அறைக்குக் குடிபோனது மாதிரிதான். கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினால் மேலேயும் குழாயில் காற்றுதான் வரும். குரோமிலோ எட்ஜிலோ இப்படிப் போட்ட ஆப், அதைப் போட்ட பிரவுசர் புரொஃபைலின் (ஒரே பிரவுசருக்குள் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் கணக்கு மாதிரி) குக்கியையும் சேமிப்பையும் எக்ஸ்டென்ஷன்களையும்தான் பயன்படுத்துகிறது. அங்கே லாக் அவுட் செய்தால் இங்கேயும் லாக் அவுட். சஃபாரி இதில் வேறு கட்சி. டாக்கில் சேர்க்கும் அந்த ஒரு நொடியில் லாகினை நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த ஆப்புக்குத் தனிக் குக்கி, தனிச் சேமிப்பு. சஃபாரியில் என்ன அழித்தாலும் அதற்கு வலிக்காது. என்னைக் கேட்டால் அதுதான் சரியான முறை, ஆனால் என்னிடம் மேக் இல்லை.

குரோமில் அதே பிரிவினையை நாமே செய்துகொள்ளலாம். புதிதாக ஒரு புரொஃபைல் உருவாக்கி, அதில் வேறு எந்தத் தளத்தையும் திறக்காமல், எக்ஸ்டென்ஷன் எதையும் போடாமல், லிஸ்ட்டை மட்டும் ஆப்பாகப் போட்டுவிட வேண்டும். வேலைக்கு ஒரு கணக்கு, சொந்தத்துக்கு ஒரு கணக்கு என்று வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம், இரண்டு புரொஃபைலில் இரண்டு ஆப், ஒரே நேரத்தில் இரண்டிலும் லாகின் ஆகியிருக்கலாம், மாற்றி மாற்றி நுழைய வேண்டியதில்லை. நான் அதைவிடச் சோம்பேறித்தனமான வழியில் போய்விட்டேன். மற்ற எல்லா அலைச்சலும் பயர்ஃபாக்ஸில், குரோமில் லிஸ்ட் மட்டும். கைவைத்தியம் செய்ய வேண்டி வந்தால் பயர்ஃபாக்ஸுக்குச் செய்துகொள்ளலாம். முன்பே சொன்னேனே, நல்லதாகப் போயிற்று என்று, அது இதுதான்.

அந்தப் பதினொன்றில் எட்டு திரும்பவும் ஞாபகம் வந்தது. மீதி மூன்று என்ன என்று இன்று வரை தெரியாது.

நோட்டிபிகேஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரவுசர் பின்னணியிலாவது ஓடிக்கொண்டிருந்தால்தான் வரும், குரோமின் செட்டிங்ஸில் மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடு என்று ஒரு தெரிவு விண்டோஸிலும் லினக்ஸிலும் இருக்கிறது. நான் அதைப் போட்டேன், அப்புறம் எடுத்துவிட்டேன். ஒரே வேலைக்கு ஃபோன் ஒரு முறை கத்தியது, கணினி ஒரு முறை கத்தியது, மேஜைமேல் இரண்டு சேவல் வளர்ப்பது மாதிரி. கத்துவது ஃபோனின் வேலை என்று விட்டுவிட்டேன். ஐகான்மேல் சிவப்பு வட்டத்தில் பாக்கி எண்ணிக்கை காட்டும் வசதியும் 2020-லிருந்து விண்டோஸ், மேக் இரண்டிலும் வெப் ஆப்களுக்கு உண்டு. அதையும் நிறுத்திவிட்டேன். நாள் முழுக்க 37 என்று ஒரு எண் கண்ணில் குத்திக்கொண்டிருந்தால் வேலை நடக்காது, பயம்தான் நடக்கும்.

நேட்டிவ்ஃபையர் என்று ஒரு கருவி இருந்ததே, அதைப் பயன்படுத்தலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எந்தத் தள முகவரியைக் கொடுத்தாலும் எலக்ட்ரானில் சுருட்டி ஆப்பாகக் கொடுக்கும். நானும் சில காலம் வைத்திருந்தேன். 2023-ல் அதைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாவிட்டாலும் எனக்கு அதில் ஒரு தயக்கம் இருந்தது. நாம் சுருட்டிய தேதியில் எந்தக் குரோமியம் உள்ளே போனதோ அதுவேதான் நாம் மறுபடி சுருட்டும் வரை உள்ளே இருக்கும். பிரவுசர் மாதந்தோறும் தன் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே போக, நம் ஆப் மட்டும் பழைய ஓட்டைகளோடு, அதுவும் நம் லாகினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிரவுசரே ஆப்பாக நிற்கும்போது பிரவுசர் புதுப்பித்தால் ஆப்பும் புதுப்பித்த மாதிரி. உலை ஒன்றாக இருப்பதில் இப்படி ஒரு நன்மையும் இருக்கிறது.

டெஸ்க்டாப்பில் ஐகான் வந்துவிட்டால் அந்த ஆப் நம்முடையது என்று மனசு நம்பிவிடுகிறது. வுண்டர்லிஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பேர் உயிராக வைத்திருந்த லிஸ்ட் அது. 2015-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே 6-ஆம் தேதி மூடியது. எல்லோருக்கும் முன்கூட்டியே சொன்னார்கள், டூ-டூ என்ற தங்கள் ஆப்புக்கு மாற்றிக்கொள்ள வழியும் கொடுத்தார்கள், அந்த வகையில் மரியாதையாகத்தான் நடந்தது. ஆனால் நம் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது இன்னொருவருடைய சர்வர். அவர்கள் விளக்கை அணைத்தால் ஜன்னல் இங்கே இருக்கும், வெளியே இருட்டாக இருக்கும். அதனால் மாதம் முதல் தேதி லிஸ்ட்டை எக்ஸ்போர்ட் செய்து ஒரு கோப்பாக எடுத்து வைக்கிறேன். அதற்கும் லிஸ்ட்டில் ஒரு வரி இருக்கிறது, மாதாமாதம் தானாகத் திரும்பி வருகிற மாதிரி.

ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஒருநாள் இதெல்லாம் வேண்டாம் என்று தோன்றி ஆப்பை எடுக்கப் போனீர்களானால், ஆப் ஜன்னலின் மூன்று புள்ளி மெனுவிலேயே அன்இன்ஸ்டால் இருக்கும். தட்டினால் குரோம் ஒரு சின்னப் பெட்டியில் நிச்சயமா என்று கேட்கும். அந்தப் பெட்டிக்குள் இன்னொரு கட்டமும் இருக்கிறது, இந்தத் தளத்தின் டேட்டாவையும் சேர்த்து அழிக்கவா என்று. நான் போன மாதம் ஐகானை மாற்றுவதற்காக ஆப்பை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அந்தக் கட்டத்துக்கு மேலே கர்சரை நிறுத்தி, இணையம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து, ஆப்புக்குள் போய் எல்லாம் சர்வருக்குப் போய்விட்டதா என்று இன்னொரு தடவை பார்த்து, அதற்கப்புறமும் டிக் போடாமல்தான் எடுத்தேன்.